ஓடையின் தலைமாட்டில் ஒரு மழைமானி: கடலூர் மாவட்ட ஆட்சியருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், நீர்வளத் துறை, ஊரக வளர்ச்சித் துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

தென்பெண்ணையில் வெள்ளம் வருமானால் சாத்தனூர் அணையில் எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்ற செய்தி முன்னால் வருகிறது. அந்த அறிவிப்பு போதுமா என்பது வேறு விவாதம். கரையோரத்தாருக்குச் சில மணி நேரமாவது கிடைக்கிறது. பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் மேட்டில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே பிறந்து சில கிலோமீட்டர் மட்டுமே ஓடும் ஓடைகளுக்கு அணை இல்லை. ஆகவே அறிவிப்பும் இல்லை. ஆண்டில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் அப்படியோர் ஓடைதான் 2015 நவம்பர் 9 அன்று பெரியகாட்டுப்பாளையத்தில் வீடுகளையும் உயிர்களையும் வாரிக்கொண்டு போனது.

சிற்றோடைக்கு ஒரு நாள் மழையின் மொத்த அளவைவிட ஒரு மணி நேரத்தில் பெய்யும் மழையே முக்கியம். காலை 8.30 மணிக்குக் குறிக்கப்படும் 24 மணி நேரக் கணக்கில் அந்த ஒரு மணி நேரம் மறைந்துவிடுகிறது. ஐந்து சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் பெய்து, அதில் பாதி வழிந்தோடுவதாகக் கொண்டால், நொடிக்கு ஏறத்தாழ 35 கன மீட்டர் நீர், அதாவது 1,200 கன அடிக்கு மேல், ஓடையில் இறங்கும். கிராமச் சாலைக்கு அடியில் ஒரு மீட்டர் விட்டமுள்ள மூன்று குழாய்களைப் பதித்து அதைச் சிறுபாலம் என்கிறோம். அவற்றின் வழியே நொடிக்கு ஆறேழு கன மீட்டர் போனால் பெரிது. சீமைக்கருவேல முள்ளும் வைக்கோலும் வாயை அடைத்துவிட்டால் அதுவும் போகாது. சாலையே அணையாகி, பிறகு உடைந்து, தேங்கிய நீர் முழுவதும் ஒரே வீச்சில் கீழ்த்தெருவுக்குள் பாய்கிறது.

ஆகவே என் முதன்மையான வேண்டுகோள், ஓடைகள் தொடங்கும் மேட்டு ஊர்களில் மணிக்கு மணி மழையைப் பதியும் தானியங்கி மழைமானிகளை வைத்து, இத்தனை மில்லிமீட்டர் தாண்டினால் கீழ் ஊரின் கிராம நிர்வாக அலுவலருக்கும் ஊராட்சிக்கும் உடனே தகவல் போகும்படி ஓர் அளவை ஓடைதோறும் நிர்ணயிக்க வேண்டும் என்பதே. அந்த அளவு ஊருக்கு ஊர் மாறும். ஏற்கெனவே நனைந்த மண்ணில் குறைந்த மழையே போதும் என்பதால் கார்த்திகையில் அதைத் தாழ்த்தவும் வேண்டியிருக்கும். நள்ளிரவில் கைப்பேசிக் குறுஞ்செய்தியை யாரும் பார்ப்பதில்லை. கோயில் ஒலிபெருக்கிதான் ஆட்களை எழுப்பும்.

தூர்வாருதல் பற்றியும் ஒரு சொல். பொக்லைன் வைத்து ஓடையை நேராக்கி ஆழப்படுத்தினால் மேல் ஊருக்கு நிம்மதிதான். ஆனால் நீர் இன்னும் வேகமாகக் கீழ் ஊரை அடைகிறது. மேட்டிலேயே வரப்பு, பண்ணைக்குட்டை, கசிவுநீர்க் குட்டை என்று நீரைச் சற்றே நிறுத்துவது பயன் தரும். 2015 போன்ற பெருமழையை அவை தடுத்துவிடா, என்றாலும் சாதாரண ஆண்டுகளில் உச்ச வெள்ளத்தைக் குறைத்து, செம்மண் அரிப்பையும் மட்டுப்படுத்தும்.

ஓடைப் புறம்போக்கின் அகலம் கிராம வரைபடத்தில் இருக்கிறது. அதை நவம்பர் 1 கிராம சபையில் விரித்துப் பயனில்லை, அதற்குள் பருவமழை தொடங்கியிருக்கும். ஆகஸ்ட் 15 கூட்டத்திலேயே, ஒவ்வொரு சிறுபாலமும் எவ்வளவு நீரைத் தாங்கும் என்ற கணக்கோடு சேர்த்து, அதை ஊரார் முன் வைக்க ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பண்ருட்டி வட்டத்து முந்திரி விவசாயி ஒருவர்