கால்பந்துக் கலவரப் படம் எடுக்கும் பிரிட்டன் இயக்குநர்களுக்கு

வணக்கம்.

கிழக்கு லண்டனில் இருக்கும் எங்கள் கிரீன் ஸ்ட்ரீட்டின் பெயரிலேயே 2005இல் வந்த படத்தைப் போன வாரம் மறுபடியும் தொலைக்காட்சியில் போட்டார்கள். கிழக்கு லண்டன்காரராக வருபவர் நியூகாசிலில் பிறந்த நடிகர். அவர் வாயில் எங்கள் பகுதிப் பேச்சு பட்ட பாட்டை எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள், அதை விடுகிறேன். நான் கேட்பது தெருவைப் பற்றி. நகைக்கடை, சேலைக்கடை, குவீன்ஸ் மார்க்கெட் என்று நெருக்கியடிக்கும் தெரு அது. உங்கள் படங்களில் எங்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. தயவுசெய்து எங்களையும் காட்டுங்கள்.

2009 ஆகஸ்ட் 25, எங்கள் வெஸ்ட் ஹாம் கிளப்புக்கும் அதன் பரம எதிரியான மில்வால் கிளப்புக்கும் கிரீன் ஸ்ட்ரீட் மைதானத்தில் ஆட்டம். அப்போது அந்தத் தெருவில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தேன். "தம்பி, ஷட்டரை இழு" என்றார் முதலாளி. முருங்கைக்காய் வாங்க வந்த ஒரு அம்மா உள்ளேயே மாட்டிக்கொண்டார். வெளியே போத்தல் உடைகிற சத்தம், போலீஸ் குதிரைகளின் குளம்படி. "பஸ் ஓடுமா தம்பி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. அன்றிரவு ஒருவர் கத்திக்குத்துப் பட்டார். விடிந்ததும் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டியது கடைக்காரர்கள்தான்.

உங்கள் படங்களில் அடிதடி என்றால் நட்பு, வீரம், பின்னணி இசை. நிஜ ஆட்கள் அப்படியா இருந்தார்கள்? வெஸ்ட் ஹாம் ரசிகர்களின் அடிதடிக் கும்பலான இன்டர் சிட்டி ஃபர்ம், ரசிகர்களுக்கென்று விட்ட ரயில்களில் போலீஸ் இருக்கும் என்று சாதாரண ரயிலில் போனது. கிளப் நிறத்தைத் தவிர்த்து விலை உயர்ந்த உடுப்புப் போட்டு, கூட்டத்தோடு கலந்து நின்றார்கள். அந்த ஒளிவுமறைவைப் படமாக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

இந்தக் கும்பல்களைக் காரணம் காட்டித்தான் மைதானங்களில் வேலி போட்டார்கள். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் அந்த வேலியோடு நசுக்கிய நெரிசல், லிவர்பூல் ரசிகர்கள் 97 உயிர்களைக் கொண்டுபோனது. குடித்துவிட்டு வந்தவர்கள் என்று ரசிகர்கள் மேலேயே பழியும் போட்டார்கள். அவர்கள் மேல் தவறில்லை என்று மரண விசாரணை ஜூரி சொல்ல 2016 ஆகிவிட்டது. ரசிகன் என்றாலே ரவுடி என்று நீங்கள் இன்னும் படம் எடுத்தால் அந்தக் குடும்பங்களுக்கு எப்படி இருக்கும்?

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். வெஸ்ட் ஹாம் 2016இல் கிரீன் ஸ்ட்ரீட் மைதானத்தை விட்டுப் போய்விட்டது. பழைய கடைக்காரர்கள் பலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அடுத்த திரைக்கதை எழுதும் முன் அவர்களிடம் ஒருமுறை பேசுங்கள். ஷட்டருக்கு உள்ளே இருந்தவர்களையும் தயவுசெய்து காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு வெஸ்ட் ஹாம் ரசிகன்