இரண்டாவது கிட் எங்கே?

மாவட்டத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையைக் கவனிக்கும் பொறுப்பில் இருக்கிற ஐயா, அம்மா அவர்களுக்கு வணக்கம்.

திருநெல்வேலிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அங்கே தனியாளாக மாரடிக்கிற நர்சம்மாவுக்கு ஒரு மெமோ கொடுத்துவிட்டு ஃபைலை மூடிவிடுவீர்கள். என் தங்கச்சியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுண்ணே, ஊரை மட்டும் போட்டுறாத" என்றாள்.

போன சித்திரையில் அவளுக்கு நாலு மாசம். செவ்வாய்க்கிழமை செக்கப்புக்கு என் பைக்கில்தான் வந்தாள். மற்ற டெஸ்டுகளோடு விரலில் குத்தி எச்.ஐ.வி. சோதிக்கிற கிட் அட்டையிலும் ஒரு சொட்டு விட்டார்கள். அட்டை ஜன்னல் திண்டில் வெயில் விழுகிற இடத்தில் கிடந்தது, இருபது நிமிஷத்துக்குள் பார்க்க வேண்டியதை ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தார்கள், அன்றைக்கு அவ்வளவு கூட்டம். அட்டை வேலை செய்கிறது என்று காட்டுகிற 'சி' கோடு பளிச்சென்று இருந்தது. தொற்று இருக்கலாம் என்று காட்டுகிற 'டி' பக்கம் கோடு இருக்கிறதா இல்லையா என்று ஒரு நிழல். அதைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, வரிசையில் நிற்கிறவர்கள் காதுபட, "வீட்டுக்காரர் வெளியூர்லயா இருக்காரு?" என்று ஒரு கேள்வி. எங்கள் ஊருக்கு அது போதும். நாங்கள் வீடு போய்ச் சேருமுன் சேதி போய்விட்டது.

மறுநாள் இரண்டு பஸ் மாறி, எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தருகிற அரசு நம்பிக்கை மையத்துக்குப் போனோம். அங்கே ஒழுங்காகவே பார்த்தார்கள். கவுன்சிலர் தனியாக உட்காரவைத்துப் பேசினார், டெக்னீஷியன் கடிகாரத்தைப் பார்த்துத்தான் படித்தார். முதல் கிட்டில் மறுபடியும் அதே மங்கல் கோடு. முதல் கிட்டில் கோடு விழுந்தால் வேறு இரண்டு கிட்டிலும் போட்டுப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். சரி, இரண்டாவது கிட் போடுங்கள் என்றால் ஸ்டாக் இல்லை. மூன்றாவதும் இல்லை. கிட் கேட்டு இன்டென்ட் போட்டிருக்கிறோம், அடுத்த வாரம் வாங்க என்றார்கள்.

ஒன்பது நாள் ஆனது.

அவள் பீடி சுற்றுகிறவள். மாமியாரும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து சுற்றுவார்கள். அந்தம்மா கெட்டவர் இல்லை, பயந்த மனுஷி. முதல் நாள் இவள் டம்ளரைத் தனியே கவிழ்த்து வைத்தார். இரண்டாம் நாள் இலை வெட்டுகிற கத்தரியை இவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார், விரலில் பட்டு ரத்தம் இலையில் விழுந்துவிடுமாம். மூன்றாம் நாளிலிருந்து சொளகு சுவரில் சாத்திக் கிடந்தது. மாப்பிள்ளை மும்பையில். விஷயம் தெரிந்ததும் அங்கேயே டெஸ்ட் எடுத்தார், நெகட்டிவ். நல்ல சேதிதானே என்று நினைப்பீர்கள். அவருக்கு இல்லையென்றால் இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பாள்.

பத்தாம் நாள் இரண்டாவது கிட்டும் மூன்றாவது கிட்டும் வந்தன. இரண்டிலும் ஒன்றுமில்லை. நெகட்டிவ் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை வரிசையில் நின்றவர்களிடம் யார் கொண்டுபோய்க் காட்டுவது?

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. கிட் மோசமானது என்றும் சொல்லவில்லை. நம் நாட்டில் ஆயிரம் பேரில் இரண்டு பேர் அளவுக்குத்தான் தொற்று. பத்தாயிரம் பேரைச் சோதித்தால் உண்மையாக இருப்பவர்கள் சுமார் 20 பேர். நூற்றுக்கு ஒன்று மட்டும் தப்பாகக் கோடு காட்டுகிற நல்ல கிட்டே ஆனாலும், சும்மா கோடு விழுகிறவர்கள் கிட்டத்தட்ட 100 பேர். அதனால்தானே வேறு வேறு ஆன்டிஜெனோ (கிட்டில் பூசியிருக்கிற கிருமியின் புரதம்) முறையோ உள்ள மூன்று கிட் என்று தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வைத்திருக்கிறது? கர்ப்ப காலத்தில் இப்படித் தப்பாகக் காட்டலாம் என்பதும் தெரிந்த விஷயம். அதே கிட்டை எத்தனை தடவை போட்டாலும் அதே தப்பைத்தான் திரும்பச் செய்யும். ஆகவே கேட்பது ஒன்றுதான்: முதல் கிட் இருக்கிற இடத்தில், அதே நாளில், இரண்டாவதும் மூன்றாவதும் இருக்க வேண்டும். இல்லையா, ரத்தத்தை அனுப்புங்கள், பிள்ளைத்தாச்சியை பஸ் ஏற்றாதீர்கள்.

இன்னொன்று. கிட் பெட்டியின் மேலேயே 2 முதல் 30 டிகிரி வரை என்று போட்டிருக்கிறது. சித்திரை மாசத்து நெல்லையில் 30 டிகிரி எங்கே இருக்கிறது? எனக்குத் தெரிந்து ஏசி ஓடுகிற மீட்டிங் ஹாலில் இருக்கிறது. கிட்டுகளையும் ஒருநாள் மீட்டிங்குக்குக் கூப்பிடலாம். சுவரில் தொங்குகிற வெப்பநிலைச் சீட்டில் முப்பது நாளுக்கும் ஒரே பேனாவில் ஒரே மாதிரி 26 என்று எழுதியிருந்ததையும் பார்த்தேன். அக்கினி நட்சத்திரத்திலும் 26. குற்றாலத்தில்கூட அப்படி இருக்காது.

நெகட்டிவ் என்று சொல்லித் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் கதையும் இதேதான். சமீபத்தில் தொற்றியிருந்தால் இந்த அட்டையில் தெரியாமல் போகலாம், மூன்று மாசம் கழித்து மறுபடி வாருங்கள் என்று எத்தனை பேரிடம் சொல்கிறார்கள்? 1986-ல் நம் சென்னையில்தான் நாட்டிலேயே முதன்முதலாக இந்தத் தொற்றைக் கண்டுபிடித்தார்கள். சோதனை முடிவு வெளியே போகக்கூடாது என்று 2017-ல் சட்டமும் போட்டாயிற்று. பஸ் முதுகில் 'பயப்படாமல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்' என்று விளம்பரம் போகிறது. என் தங்கச்சி பயப்படாமல்தான் போனாள்.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசியிருந்தால் மன்னிக்கவும். பரிசோதனையை நிறுத்தச் சொல்லவில்லை, பிள்ளைக்குத் தொற்றாமல் காப்பாற்ற அது எவ்வளவு அவசியம் என்று தெரியும். தயவுசெய்து மூன்று கிட்டையும் ஒன்றாக அனுப்புங்கள். மூன்றும் முடியும்வரை வரிசைக்கு முன்னால் யாரும் எதுவும் கேட்காமல் இருக்க ஒரு உத்தரவு போடுங்கள், கதவுள்ள ஒரு அறையும் கொடுங்கள்.

எனக்குப் பதில் போட வேண்டாம். அவளுக்குக் குழந்தை பிறந்து நன்றாக இருக்கிறது. இப்போது பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மூன்று மாசம். வருகிற செவ்வாய்க்கிழமை அவளுக்கு முதல் செக்கப்.

இப்படிக்கு,
ஒரு அண்ணன்