‘சூளைப் புகை’ வந்தாச்சு: நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

‘சூளைப் புகை’ பாட்டும் வீடியோவும் நேற்று மாலை வெளியாகிவிட்டன. பாட்டு முழுக்க இருள மொழி, இருளர் பழங்குடியான எங்கள் தாய்மொழி. வகை என்று கேட்ட இடத்தில் ஆல்ட்-பாப் என்று போட்டிருக்கிறோம். எங்கள் பதியில் (ஊரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) அதற்கு ‘டொம்மு டொம்மு பாட்டு’ என்று பெயர். அதுவும் சரிதான். வீடியோவின் கடைசியில் வரும் பெயர்களைப் படிப்பதற்குள் அவை ஓடிவிடுகின்றன. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் ஊர்த் தலைவரான மூப்பருக்கும் பாட்டிமார்களுக்கும். பல்லவியின் மெட்டு நான் போட்டதில்லை. கோவை மாவட்டத்து ஆனைகட்டிப் பக்கத்துப் பதிகளில் வட்டம் கட்டி ஆடும்போது பாடுகிற மெட்டு அது. யார் கட்டியது என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் பாட்டை ஏற்றும் படிவத்தில் இசையமைப்பாளர் என்று ஒரு பெயர் கட்டாயம் வேண்டும். என் பெயரைப் போட்டுக்கொள்ள மனசு வரவில்லை. மூப்பர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசி, ‘இருளர் மரபு மெட்டு’ என்று போடுவது, சரணத்துக்கு மட்டும் என் பெயர் என்று முடிவானது. மெட்டுக்கு வரும் காசு, எவ்வளவு வந்தாலும், பதியின் பொதுப் பணத்தில் சேரும். அதே படிவத்தின் மொழிப் பட்டியலில் இருள மொழி இல்லை. வேறு வழியில்லாமல் தமிழ் என்று குறித்தேன். தமிழ் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, பள்ளிக்கூடத்தில் என்னைக் கரையேற்றிய மொழி. பட்டியல் போட்டவர்கள் மேல்தான் கோபம்.

அப்புறம், பறை அடிக்கும் பெரியப்பா. பழைய ஒலிப்பதிவு ஒன்றிலிருந்து ஒரு அடியை வெட்டி, சுற்றிச் சுற்றி ஓடுகிற மாதிரி வைத்திருந்தோம். கேட்கப் பிரமாதமாக இருந்தது. பெரியப்பா ஹெட்போனைக் காதில் வைத்தார், உடனே கழற்றிவிட்டார். “இது சாவு வீட்டு அடி கண்ணு. இதுக்குக் குழந்தைகளை ஆட விடாதே.” எங்களில் துக்கத்துக்கும் பறை, தவில், குழல் வைத்து ஆட்டம் உண்டு; அதற்கான அடி தனி. அந்த அடியை எடுத்துவிட்டு, அவரே வந்து சீர் வீட்டு அடியை அடித்துக் கொடுத்தார். இப்போது நீங்கள் கேட்பது அதுதான்.

குழல் வாசித்த மாமாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கன்னத்தை உப்பிக்கொண்டு மூச்சு அறாமல் வாசிப்பார், ஆட்டம் நிற்கும்வரை குழலும் நிற்காது. ஸ்டுடியோவில் அவருடைய குழலும் கீபோர்டும் ஒத்துப்போகவில்லை. குழலின் சுரங்கள் கீபோர்டின் சுரங்களுக்குச் சற்றுக் கீழே, அதுவும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் இறங்கி நின்றன. கணினியில் குழலை ‘சரி’ செய்வது சில நிமிட வேலை. எங்கள் இசைத் தயாரிப்பாளர் அதைச் செய்யவில்லை. குழலை அப்படியே விட்டுவிட்டு, கீபோர்டின் ஒவ்வொரு சுரத்தையும் குழலுக்கு ஏற்றபடி இறக்கினார். ராத்திரி முழுக்க உட்கார்ந்தார். பாட்டில் ஏதோ ஒன்று இனம் புரியாமல் இழுக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, காரணம் அவர்தான். நன்றி தம்பி.

வீடியோ எடுத்த இடம் தடாகம் பள்ளத்தாக்கில் ஒரு செங்கல் சூளை. 2021இல் இங்கே அனுமதியில்லாமல் ஓடிய சூளைகளை மூடியபோது மூடப்பட்டவற்றில் அதுவும் ஒன்று. செம்மண்ணை வெட்டி வெட்டி ஓடைக்கரைகளே காணாமல் போயிருந்தன, மூடியது நல்லதுதான். ஆனால் என் அம்மாவுக்கு வாரக் கூலி வந்ததும் அங்கேயிருந்துதான். அந்த இரண்டையும்தான் பாடியிருக்கிறேன். புகைபோக்கிக்குக் கீழே அம்மாவோடு ஆடும் அத்தைகள் எல்லாருமே அங்கே கல் சுமந்தவர்கள். நடிகர்கள் வேண்டாம் என்று இயக்குநர் பிடிவாதம் பிடித்தார். அவருக்கு நன்றி, அத்தைகளுக்கு அதைவிடப் பெரிய நன்றி.

இருட்டினால் அந்தப் பக்கம் யானை நடமாட்டம். வெளிச்சம் நன்றாக விழுகிற நேரத்தில் கேமராவை மூட்டை கட்டச் சொன்னால் எந்தக் கேமராமேனுக்கும் எரிச்சல் வரும். எங்கள் அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேரளத்து அட்டப்பாடியில் இருக்கும் நஞ்சம்மாவை நான் நேரில் பார்த்ததில்லை. ஆடு மாடு மேய்த்துக்கொண்டே பாடியவர், மலையாளப் படம் ஒன்றில் இருள மொழியில் பாடியதற்காக 2022இல் தேசிய விருது அறிவிக்கப்பட்டவர். சங்கீதம் படிக்காதவருக்கு இந்த விருதா என்று அப்போதும் சிலர் கேட்டார்கள். அவர் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தார். அந்த வாரம்தான் நான் என் மொழியில் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் எழுதியதெல்லாம் தமிழ்க் காதல் பாட்டு, அவற்றை யாரும் தேட வேண்டாம்.

“இருளர் வீடியோவில் பாம்பு இல்லையா?” என்று கேட்ட நண்பருக்கும் நன்றி. பாம்பு பிடிப்பில் பெயர் பெற்றவர்கள் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள். வடநெம்மேலியில் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் 1978இலிருந்து இருக்கிறது. நான் பாம்பைப் பார்த்தால் ஓடுகிற ஆள்.

காந்திபுரம்-ஆனைகட்டி பஸ்ஸில் தவிலுக்கு லக்கேஜ் டிக்கெட் போடாமல் விட்ட நடத்துநர் அண்ணனுக்கு நன்றி. நேற்றுப் பதியில் எல்லாரும் பார்க்க வெள்ளை வேட்டியைக் கட்டித் திரையாக்கிய மாமாவுக்கும் நன்றி. ஸ்பீக்கர் தந்த டீக்கடை அண்ணா, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன். பாட்டிமார்கள் இன்னொரு தரம் பார்க்க வேண்டுமாம்.