மூழ்கிப்போன நகை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

இஸ்தான்புல்லில் கலாட்டா கோபுரத்தடியில் நிற்கிற போட்டோ வந்தது. இளைத்திருக்கிறாய். சரி, அதைப் போனில் பேசிக்கொள்வோம்.

1453-இல் துருக்கி சுல்தானின் பீரங்கிக்கு கான்ஸ்டான்டிநோபிள், அதாவது நீ இருக்கிற அதே ஊர், விழுந்தது என்று முப்பது வருடம் போர்டில் எழுதிப் போட்டவள் நான். ரிட்டையரான பிறகு நிதானமாகப் படித்தால், அதைத் தலைநகராக வைத்திருந்த பைசாந்தியப் பேரரசு அதற்கு நூறு வருடம் முன்பே அடகுக் கடை வாசலில் நிற்கிறது. 1343-இல், ஒன்பது வயதில் பட்டத்துக்கு வந்த பிள்ளைக்காக ஆட்சியைப் பார்த்துக்கொண்ட அன்னா ராணி, உள்நாட்டுச் சண்டைச் செலவுக்காக அரச நகைகளை வெனிஸில் 30,000 டுகாட்டுக்கு (அந்த ஊர்ப் பொற்காசு) வைத்தாள். மீட்கவே இல்லை. நம் ஊர்ப் பேச்சில், மூழ்கிவிட்டது.

1347-இல் சண்டை ஓய்ந்தது. அன்னாவை எதிர்த்துச் சண்டையிட்டு வென்ற கண்டகுசேனோஸ் முடிசூடி, தன் பெண்ணை அன்னாவின் மகனுக்கே கட்டிக்கொடுத்தார். கிரீடத்தில் பதித்தது கண்ணாடிக் கல். கல்யாண விருந்தில் வெள்ளித் தட்டு ஒன்றுகூட இல்லை; ஈயமும் மண்ணும்தான். சம்பந்தி வீட்டார் முகத்தை எப்படிப் பார்த்தார்களோ!

பணம் எங்கே போனது என்றால், நீ நிற்கிற கரைக்குத்தான். 1082-இலேயே, கடற்படை உதவி செய்ததற்காக வெனிஸ் வியாபாரிகளுக்குச் சுங்கத்தைத் தள்ளுபடி செய்தார்கள். அப்புறம் இன்னொரு இத்தாலிய வியாபார நகரமான ஜெனோவாக்காரர்களுக்கும் சலுகை. அவர்களுடைய கப்பல்கள் இருக்கிறதே என்ற தைரியத்தில் 1285-இல் சொந்தக் கப்பற்படையையே கலைத்தார் ஒரு பேரரசர், செலவு மிச்சமாம்! கண்டகுசேனோஸ் காலத்தில் ஜெனோவாக்காரர் கையிலிருந்த கலாட்டாவின் சுங்க வரவு வருடத்துக்கு 2 லட்சம் பொற்காசு, எதிர்க்கரையில் பேரரசருக்கு வெறும் 30 ஆயிரம் என்று அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் கிரிகோராஸ் எழுதி வைத்திருக்கிறார். நடுவில் இருப்பது நீ பாலத்தில் நடந்தே கடக்கிற அந்தக் கடற்கழிதான்.

கண்டகுசேனோஸ் சும்மா இருக்கவில்லை. வரியைக் குறைத்துக் கப்பல்களைத் தன் துறைக்கு இழுத்தார், ஊரில் பணம் திரட்டிக் கப்பல் கட்டினார். எனக்கு அவரைப் பிடிக்கும். 1349-இல் அந்தக் கப்பல்களும் ஜெனோவாக்காரர் கைக்கே போயின. அதற்கு முந்தின வருடம் அவர்கள் எழுப்பியதுதான் நீ சாய்ந்து நிற்கிற கோபுரம்.

உன் படிப்புக்கு வைத்த வளையலைப் பற்றி மறுபடியும் கேட்டிருந்தாய். சீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது, கெடு பங்குனிக்கு. வட்டியை மட்டும் கட்டி வருகிறேன். நீ முதலில் வேளைக்குச் சாப்பிடு.

அம்மா