ரயிலும் பஸ்ஸும் சேர்ந்து ஓடுற மாதிரி டைம்டேபிள் போட்டு குடுங்க: கோரிக்கை மனு

போக்குவரத்துத் துறை செயலாளர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

பெரிய சிட்டிக்குள்ள இருக்குறவங்களுக்கு ஏதோ ஒரு பஸ் கிடைச்சிருதுங்க, சுத்தி இருக்குற சின்ன ஊர்கள்ல இருந்து வேலைக்கும் காலேஜுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வர்றவங்க பாடுதான் திண்டாட்டம், அவங்களுக்காகத்தான் இந்த மனு. கார் கூடிப்போச்சுன்னு ரோட்டை அகலப்படுத்துறோம், கொஞ்ச நாள்ல அதுவும் நெரிசலாயிடுது. கார் வாங்குற எல்லாரும் ஆசைப்பட்டு வாங்கலைங்க, பஸ்ஸ நம்பி கிளம்ப முடியலன்னு லோன் போட்டு வாங்குறவங்கதான் நிறைய.

சாயங்காலம் ரயில் வந்து நிக்கும், கைல பை, இடுப்புல குழந்தைன்னு ஜனங்க படிக்கட்டு ஏறி ஓடி வருவாங்க, வெளிய பஸ் கண்ணு முன்னாடியே கிளம்பி போயிடும். டிரைவர திட்டி பிரயோஜனம் இல்ல, அவருக்கு குடுத்த ஷெட்யூல் போட்டவங்க அந்த ரயில் டைமையே பாக்கல. அடுத்த பஸ் எப்பன்னு பாக்க ஸ்டாப்ல ஒரு போர்டு கூட இருக்காது. ரெண்டு தடவ இப்படி நின்னவங்க அப்புறம் பஸ் பக்கமே வர மாட்டாங்க, கூட்டம் இல்லன்னு இருக்குற பஸ்ஸையும் குறைப்பாங்க, குறைச்சதும் மிச்சம் இருக்குறவங்களும் போயிடுவாங்க.

இத ஏற்கனவே சரி பண்ணி காட்டுன நாடு இருக்குங்க. சுவிட்சர்லாந்துல 1982ல நாடு முழுக்க சீரான இடைவெளில ரயில் விட்டாங்க. 1987ல ஜனங்க கிட்ட ஓட்டெடுப்பு நடத்தி ரயில் 2000னு ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் வாங்கி, 2004 டிசம்பர்ல சூரிச்சுக்கும் பெர்னுக்கும் நடுவுல பயண நேரத்த ஒரு மணி நேரத்துக்கு உள்ள கொண்டு வந்தாங்க. அது ஸ்பீடு காட்டுறதுக்காக இல்ல. பெரிய ஜங்ஷன்கள்ல ஏழு, எட்டுன்னு முழு மணி ஆகுறதுக்கு கொஞ்சம் முன்னாடி ரயில்கள் எல்லாம் வந்து சேரணும், ஜனங்க மாறி ஏறுனதும் அந்த மணி தாண்டி கிளம்பணும், பஸ்ஸும் அதே கணக்குல வெளிய நிக்கணும், அதுக்கு அந்த தூரத்த ஒரு மணி நேரத்துக்குள்ள கடந்தா போதும், அவ்வளவுதான். முதல்ல டைம்டேபிள், அதுக்கு ஏத்த மாதிரிதான் புது லைன். இந்த வரிசைய மட்டும் தயவுசெஞ்சு மாத்திடாதீங்க.

டிக்கெட்டும் ஒன்னா இருக்கணுங்க. வண்டி மாறுன ஒவ்வொரு தடவையும் புதுசா மினிமம் சார்ஜ் குடுக்குறது மாறுனதுக்கு தண்டம் கட்டுற மாதிரி இருக்கு. ஜெர்மனியில ஹாம்பர்க்ல 1965லயே வேற வேற நிறுவனங்கள ஒரே கூட்டமைப்புல சேர்த்து, அதுக்கப்புறம் பொதுவான கட்டணமும் கொண்டு வந்துட்டாங்க.

அப்புறம் ராத்திரி கடைசி பஸ். காலியா போகுதுன்னு அத நிறுத்திடுறாங்க, ஆனா லேட்டானாலும் அது இருக்குங்குற தைரியத்துலதான் பல பேர் காலைல வண்டிய வீட்லயே விட்டுட்டு வர்றாங்க, அத எடுத்துட்டா காலை பஸ்ஸுக்கு வர்ற ஆளும் குறையும், இந்த கணக்கு ஒரு ட்ரிப் கலெக்ஷன்ல தெரியாது.

அதனால ரயில், பஸ் டைம்டேபிள் ரெண்டையும் சேர்த்து போடுற அதிகாரத்த ஒரே அமைப்பு கிட்ட குடுங்க. எல்லா ஊர்லயும் ஒரே நாள்ல வேணாம், ஒரு ஸ்டேஷனையும் அத சுத்தி இருக்குற ரூட்டுகளையும் எடுத்து அரை மணிக்கு ஒரு பஸ், ரயில் லேட்டானா பஸ் சில நிமிஷம் காத்திருக்கணும், எல்லாத்துக்கும் ஒரே டிக்கெட், ராத்திரி வரைக்கும் சர்வீஸ்னு ஒரு வருஷம் முழுசா ஓட்டுங்க, ரெண்டு மாசத்துல கூட்டம் இல்லன்னு நிறுத்திடாதீங்க. மாசா மாசம் எத்தன பேர் ஏறுனாங்க, எத்தன பஸ் ரயில தவற விட்டுச்சுங்குற விவரத்த எங்களுக்கும் தெரியுற மாதிரி வெளியிடுங்க. எந்த ஸ்டேஷன்ல ஆரம்பிக்க போறீங்கன்னு எழுத்து மூலமா பதில் குடுக்கணும்னு பணிவோட கேட்டுக்குறோம்.

இப்படிக்கு,
தினமும் பஸ் ரயில்ல போற பயணிகள்