புலியை எழுப்புகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு வரும் சக பார்வையாளர்களே, வணக்கம்.

பூங்காக்காரர்களிடம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பேச வேண்டியது நமக்குள்தான் இருக்கிறது. காணும் பொங்கல் கூட்டம் வருவதற்குள் பேசிவிடலாம் என்று எழுதுகிறேன்.

வந்தவாசிப் பக்கத்திலிருந்து என் அம்மா வந்திருந்தார். வந்த மறுநாளே, "புள்ளைய உயிர்காலேஜுக்கு இட்டுனு போலாமா?" என்றார். மிருகக்காட்சிசாலைக்குப் பழைய ஆட்கள் சொல்லும் பேர் அது. பிள்ளைக்கு ரெண்டரை வயசு, அவனுக்குக் காக்காய் இருந்தாலே போதும். ஆசை யாருக்கு என்று எனக்குத் தெரியும். சென்னை சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்கில் மிருகக்காட்சிசாலை இருந்த காலத்தில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தவர் அவர். கம்பிக்கூண்டுக்குள் சிங்கம் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓயாமல் நடந்துகொண்டே இருக்குமாம். பார்க்கப் பார்க்கத் தனக்குத் தலை சுற்றும் என்றார்.

அந்த நடையைச் சுறுசுறுப்பு என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நினைத்திருப்பார்கள். நெருக்கி அடைத்துப்போட்ட விலங்கு தவிப்பில் ஒரே தடத்தில் நடக்கும். 1855-ல் எழும்பூர் மியூசியம் வளாகத்தில் தொடங்கி, பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போன அந்தக் காட்சிசாலையை நகரத்துக்குள் இனி வைத்திருக்க முடியாது என்றுதான் வண்டலூர்க் காட்டுக்கு மாற்றி 1985-ல் திறந்தார்கள். 600 ஹெக்டேருக்கு மேல் இடம். பெரிய விலங்குகளுக்குக் கம்பிக்குப் பதில் அகழி, உள்ளே மரம், தண்ணீர், ஒதுங்கிக்கொள்ள நிழல். புலி நடுப்பகலில் மூங்கில் புதர் ஓரத்தில் கால் நீட்டித் தூங்குகிறது என்றால், அத்தனை செலவும் எதற்காகவோ அது நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். நாம் அதைப் பார்த்து, "சும்மா படுத்துக் கெடக்குது, வேஸ்ட்" என்கிறோம்.

அன்றைக்கும் அப்படித்தான். புலி இருக்கும் இடத்தில் நல்ல கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து விசிலடித்தார்கள். குடும்பத்தோடு வந்த ஒருவர் கைப்பிடிச் சுவரைத் தட்டித் தட்டி, "ஏய்! எந்திரிடா!" என்று கத்தினார். புலி ஒரு காதை மட்டும் அசைத்தது. அடுத்து அவர் கீழே குனிந்து ஒரு கல்லை எடுத்தார்.

அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே அவரிடம் போனார். "ஏம்பா, நைட் டூட்டி பாத்துட்டு உங்க அப்பா தூங்குனா கல்லெடுத்துப் போட்டுத்தான் எழுப்புவியா?"

அவர் சிரித்துக்கொண்டே, "காசு குடுத்துதான ஆயா வந்திருக்கோம்?" என்றார். ஆனால் கல்லைக் கீழே போட்டுவிட்டார்.

அந்தக் காசுக் கணக்கைத்தான் பேச வேண்டும். புலி இரவிலும் அந்தி சந்தியிலும் நடமாடும் பிராணி. சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம்கூடப் படுத்தே கிடக்கும். டிக்கெட் வாங்கியதால் நமக்குக் கிடைப்பது உள்ளே போகும் உரிமை. அதற்கு மேல் புலி நமக்கு எந்தப் பாக்கியும் வைக்கவில்லை. சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஜே பிரிவு, உயிரியல் பூங்காவில் விலங்கைச் சீண்டுவது, தீனி போடுவது, சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வது, குப்பை போடுவது எல்லாவற்றையும் குற்றம் என்கிறது. ஜெயிலுக்கே போகலாம். விசிலடித்ததற்காக யாரையும் பிடித்துப்போய் நான் பார்த்ததில்லை, அது வேறு விஷயம்.

இரவு விலங்குகள் இருக்கும் கூடத்தில் நாம் செய்வது இன்னும் அநியாயம். அங்கே ராத்திரியில் விளக்கைப் போட்டு, பகலில் இருட்டாக்கி, நாம் வரும் நேரத்தில் அவை விழித்திருக்கும்படி பொழுதையே திருப்பி வைப்பார்கள். நாமோ செல்போன் டார்ச்சை முகத்துக்கு நேராக அடிக்கிறோம்.

தீனி விஷயத்தில் அம்மாவிடம் வாதாடவே முடியாது. எங்கள் வீட்டுப் பசு ஒன்று தீனி எடுக்காமல், அசை போடாமல், வயிறு மட்டும் உப்பி, எலும்பும் தோலுமாகிச் செத்தது. மாட்டு டாக்டர் வயிற்றைத் திறந்தபோது கேரிபேக் மூட்டையாக வந்தது. அசை போடும் பிராணிகளின் முதல் வயிற்றில் பிளாஸ்டிக் போய்ச் சேர்ந்தால் கீழே இறங்காது, செரிக்காது. அங்கேயே சேர்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். மானுக்கும் அதே வயிறுதான். வாசலில் பையைச் சோதித்தும் எப்படியோ சிப்ஸ் பாக்கெட் உள்ளே வந்துவிடுகிறது. அம்மா அன்று மான்களின் பக்கம் கிடந்த உறைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் சுருக்குப் பை நிறையத் திணித்துக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பிறகு நானும் பொறுக்கினேன்.

கடித்த மிச்சத்தைக் குரங்குக்கு எறிகிறவர்களுக்கு இன்னொன்று. 2021 ஜூனில் இதே பூங்காவில் நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கம் கொரோனாவில் செத்தது. ஊரடங்கில் பூங்கா மூடிக் கிடந்த நேரம் அது. அப்போதே நம் நோய் அவற்றை எட்டிவிட்டது என்றால், எச்சில் பண்டம் என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

போட்டோவுக்காகக் குழந்தையைச் சுவர்மேல் உட்காரவைக்கும் அப்பாக்களே, 2016-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் மூன்று வயதுப் பையன் கொரில்லா இருந்த அகழிக்குள் விழுந்தான். பையன் பிழைத்தான், கொரில்லாவைச் சுட்டுக் கொன்றார்கள். வேறென்ன சொல்ல?

என்னை எழுத வைத்தது இதெல்லாம்கூட இல்லை. பூங்காவிலிருந்து வந்த மறுநாள் காலையில், எங்கள் தெருவில் படுத்திருந்த நாயைப் பார்த்து என் மகன், "ஏய்! எந்தியிடா!" என்றான். மழலைதான், ஆனால் அந்த ஆளின் குரலே குரல். கையில் ஒரு கூழாங்கல். புலி, மான், குரங்கு என்று அவ்வளவும் காட்டினோம். அவன் வீட்டுக்குக் கொண்டுவந்தது நம்மை. அம்மாதான் கல்லை வாங்கிப்போட்டு, அவனை மடியில் வைத்து, நாய் மூச்சு விடும்போது வயிறு ஏறி இறங்குவதைக் காட்டினார். அவன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விலங்கு விழித்திருக்கப் பார்க்க வேண்டுமானால் காலையில் திறந்த கையோடு உள்ளே போங்கள். வெயில் ஏறுவதற்குள் புலி, சிங்கம் பக்கம் போய்விட்டுப் பறவைகளை மத்தியானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களை நடக்கவைக்காமல் பேட்டரி வண்டியில் ஏற்றுங்கள். தூங்கும் விலங்கின் முன்னால் குழந்தையோடு கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், அவர்களுக்கு அலுக்காது, நமக்குத்தான் அலுக்கிறது. செவ்வாய்க்கிழமை விடுமுறை, மறந்துபோய் வந்து வாசலில் நிற்காதீர்கள்.

அம்மா காணும் பொங்கலுக்கு மறுபடி வருகிறார், உயிர்காலேஜுக்கும் வருவார். அன்றைக்கு யாராவது விசிலடித்து, அவர் ஏதாவது சொல்லிவிட்டால் நான் பொறுப்பில்லை.

இப்படிக்கு,
ரெண்டரை வயசுப் பையனின் அம்மா