கயிறு பிடித்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எங்கள் செட்டிநாட்டு மக்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் தீயணைப்பு மீட்புப் பணியில் இருப்பவன். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் ஊருணியிலோ கண்மாயிலோ கிணற்றிலோ யாராவது மூழ்கிவிட்டால், உள்ளே இறங்கித் தேடுகிற ஆட்களில் ஒருவன். போன கோடை விடுமுறையில் ஒரு கண்மாயில் நடந்த சம்பவத்துக்குப் பிறகு ரொம்ப நாள் நான் நானாக இல்லை. இப்போது மறுபடியும் தண்ணீரில் இறங்குகிறேன். அதற்குக் காரணமானவர்களுக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் ஊரறியச் சொல்ல வேண்டும் என்று ஆசை. இந்த வேலை செய்கிறவனுக்கு மனசிலும் அடிபடும் என்பது பலருக்குத் தெரியாது. எங்களில் பலருக்கே தெரியாது.

அந்தக் குழந்தையின் ஊரையும் பெயரையும் இங்கே எழுதமாட்டேன். அந்தத் தாய் தகப்பன் பட்டது போதும்.

தண்ணீருக்குள் எப்படித் தேடுகிறோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். எங்கள் பக்கத்துக் கண்மாய்த் தண்ணீர் செம்மண் கலங்கல். ஓர் ஆள் இறங்கி நாலு எட்டு வைத்தாலே அடிச்சேறு கிளம்பிவிடும். டார்ச் அடித்தால் வெளிச்சம் கலங்கலில் பட்டு நம் முகத்துக்கே திரும்பும். அதனால் கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை, கைதான் தேடும். கரையில் ஒருவர் கயிறு பிடித்து நிற்பார். அவர் விட்ட கயிற்றளவுக்கு அரைவட்டமாகத் தடவிக்கொண்டே போக வேண்டும். அந்த வட்டம் முடிந்ததும் அவர் கொஞ்சம் கயிறு கூட்டிவிடுவார், திரும்பவும் தடவிக்கொண்டே வர வேண்டும். கருவேல முள், ஆகாயத்தாமரை வேர், யாரோ வீசிய பழைய துணி, உரச்சாக்கு என்று ஒவ்வொன்றாகக் கையில் படும். படும்போதெல்லாம் ‘இதுவா?’ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். கண் பார்க்காததையெல்லாம் மனசு தானே வரைந்துகொள்ளும்.

அன்றைக்கு என் கையில் முதலில் பட்டது தலைமுடி.

எனக்கும் கிட்டத்தட்ட அதே வயதில் ஒரு மகள். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தால் தலை துவட்டிவிடுவது எப்போதும் நான்தான். அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் துண்டை எடுப்பேன், ஈரமுடி விரலில் படும், தோள் வரைக்கும் விறைத்துவிடும். “அப்பா, தண்ணி சொட்டுதுப்பா” என்பாள். நான் வெளியே போய்விடுவேன். தூக்கத்தில் கை தானாகப் படுக்கையைத் தடவும் என்று என் மனைவி பிற்பாடு சொன்னாள். கண்மாய்க்கரைச் சாலையை விட்டுவிட்டுச் சுற்றுவழியாக வேலைக்குப் போனேன்.

கயிறு பிடித்த அண்ணனுக்குத்தான் முதல் நன்றி. அண்ணே, எத்தனையோ பேர் “ஆம்பளை, தைரியமா இரு” என்றார்கள். நீங்கள் ஒரு நாளும் சொல்லவில்லை. பொழுது சாய்ந்தால் வருவீர்கள், திண்ணையில் உட்காருவீர்கள், மழை பெய்ததா, எந்தக் கண்மாய்க்கு எவ்வளவு தண்ணீர் வந்தது என்று பேசுவீர்கள், டீயைக் குடித்துவிட்டுப் போவீர்கள். ஒரு நாள் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டே, “எனக்கும் ஒரு கெணறு இருக்கு தம்பி” என்றீர்கள். பாதாளக் கரண்டி போட்டுத் துழாவிய ஏதோ ஓர் ஊர்க் கிணறு, நான் வேலைக்குச் சேர்வதற்கு ரொம்ப முந்தியது. இத்தனை வருஷமாக அதை யாரிடமும் சொல்லவில்லை என்றும் சொன்னீர்கள். அன்றைக்கு ராத்திரிதான் நான் வாயைத் திறந்தேன்.

அடுத்தது அந்த ஊர்ப் பெண்களுக்கு. நாங்கள் கரையேறியபோது மடைப் பக்கம் ஒரே கூட்டம், கையில் எல்லாம் செல்போன். யாரும் சொல்லாமலே நாலைந்து பெண்கள் ஓடிப்போய்க் கொடியில் காய்ந்த சேலைகளை உருவிவந்து, ஆளுக்கொரு முனை பிடித்து மறைப்புக் கட்டினார்கள். 108 வண்டி வரும் வரைக்கும் அந்தச் சேலை இறங்கவில்லை. பிடித்திருந்தவர்கள் அழுதுகொண்டேதான் நின்றார்கள், ஆனால் கை தாழவில்லை. அதற்கு முன்பே யாரோ எடுத்த படம் ஒன்று வாட்சப்பில் சுற்றியது. அதை ஒவ்வொரு குழுவாகக் கேட்டுக் கேட்டு அழிக்க வைத்த அந்த ஊர் இளவட்டங்களையும் நான் மறக்கமாட்டேன். எங்கள் வேலையில் பாதிக் காயம் தண்ணீருக்குள் படுகிறது, மீதி கரையில் படுகிறது. கரையில் படவிருந்ததை நீங்கள் தடுத்தீர்கள்.

எங்கள் அதிகாரிக்கு. “உன்னை ஒதுக்கலப்பா, கொஞ்ச நாள் கரைக்கு மாத்துறேன். கயிறு நீ புடி” என்றீர்கள். குழுவிலிருந்து எடுத்திருந்தால் நான் இன்னும் ஒடிந்துபோயிருப்பேன். இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்று நான் புலம்பியபோது, சமாதானம் சொல்வதற்குப் பதிலாக உள்ளதைச் சொன்னீர்கள். மூச்சு நின்றபின் மூளை தாங்குவது நாலைந்து நிமிடம்தான். தகவல் வந்து, வண்டி கிளம்பி, ஒற்றைத் தார்ச்சாலையில் அந்த ஊரைச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று காகிதத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினீர்கள். அந்தக் காகிதம் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

அரசு மருத்துவமனை மனநல மருத்துவர் அம்மாவுக்கு. கெட்ட கனவும் தூக்கம் கெடுவதும் இப்படிப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு முதல் சில வாரங்கள் யாருக்கும் வரக்கூடியதுதான், பெரும்பாலானவர்களுக்குத் தானே தணிந்துவிடும், ஒரு மாதம் தாண்டியும் விடாமல் வீட்டையும் வேலையையும் கெடுத்தால் அது வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயம் என்றார். பிடிஎஸ்டி என்று அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்ததே பாதி நிம்மதி. குழந்தையின் மரணம், அதுவும் நம் பிள்ளை வயதில் என்றால், மீட்புப் பணியாளர்களை மற்றதைவிட ஆழமாகத் தாக்கும் என்றும் சொன்னார். சம்பவம் முடிந்த சூட்டோடு எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்வது எல்லோருக்கும் ஒத்துவராது, சிலருக்குக் கூடுதல் பாரமாகிவிடும் என்று அவர் விளக்கியபோது, எங்கள் அண்ணன் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்ததன் அருமை எனக்கு விளங்கியது. தூக்கத்துக்குக் குடிக்கலாமா என்று கேட்டேன். குடித்தால் கண் மூடும், ஆனால் பாதி ராத்திரியில் தூக்கம் உடைந்துவிடும், பழக்கமும் ஒட்டிக்கொள்ளும் என்று நேராகச் சொல்லிவிட்டார். எதைக் கண்டு விலகி ஓடுகிறோமோ அதன் பக்கத்தில் படிப்படியாகப் போய் நிற்பதுதான் வைத்தியம். முதலில் ஊருணியின் மேல்படி, பிறகு அடுத்த படி. செம்புறாங்கல் படியில் உட்கார்ந்து, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டிக்கொண்டே, பதற்றம் தானாக இறங்கும் வரை எழுந்திருக்கக் கூடாது.

இந்த இடத்தில் எதிர்வீட்டு ஆச்சியைச் சொல்லியாக வேண்டும். ஆச்சி கொட்டான் பின்னுவார்கள். விசேஷ வீடுகளில் தாம்பூலமும் பலகாரமும் வைத்துக் கொடுக்கிற பனையோலைக் கொட்டான். ஓலையைக் கீறி, சாயம் ஏற்றி, தண்ணீரில் நனைத்துப் பதமாக்கினால்தான் ஒடியாமல் வளையும். என் கதை ஆச்சிக்கு முழுசாகத் தெரியாது. “சும்மாதான ஒக்காந்திருக்க அப்பு, இதைப் புடி” என்று நனைந்த ஓலை ஒரு பிடியை என் கையில் வைத்தார்கள். ஈரமாக, மெல்லிசாக, விரலில் சுற்றிக்கொண்டது. உதறிவிட்டேன். ஆச்சி ஒன்றும் கேட்கவில்லை. கீழே விழுந்ததைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டு தன்பாட்டுக்குப் பின்னினார்கள். மறுநாளும் நீட்டினார்கள். அதற்கு மறுநாளும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று கோணல்மாணலாக ஒரு கொட்டான் முடித்த அன்றைக்குத்தான் கவனித்தேன், தோள் விறைக்கவில்லை. மருத்துவரிடம் சொன்னபோது, “நான் செய்யச் சொன்னதைத்தான் உங்க ஆச்சி வேற வழியில செஞ்சிருக்காங்க” என்று சிரித்தார்.

என் மனைவிக்கும் மகளுக்கும் இந்த மடலில் தனியாக எழுதவில்லை. தலை துவட்டும் வேலை மறுபடியும் எனக்கே வந்துவிட்டது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

தேவகோட்டை, திருப்பத்தூர், சிவகங்கை, வேறு எந்த ஊர் நிலையமானாலும், இதே வேலை செய்யும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. மருத்துவமனைக்குப் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரிலிருந்து நடக்கிற அரசுச் சேவை, இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். நான் நடுச்சாமத்தில் பேசியிருக்கிறேன்.

கடைசியாக அந்தக் கண்மாய் ஊர்க்காரர்களுக்கு. சவுடு அள்ளிய குழிகள் தண்ணீர் நிறைந்தபின் மேலே தெரியாது. முழங்கால் ஆழத்தில் நிற்கும் பிள்ளை அடுத்த எட்டில் தலைக்கு மேல் போய்விடும். நீங்கள் குழியிருக்கும் இடமெல்லாம் மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறீர்கள். கரையில் லாரி ட்யூப் இரண்டும் நீளக் கயிறும் தொங்குகின்றன. நீச்சல் தெரிந்தாலும் குதிக்காதே, முதலில் ட்யூபை வீசு, 101-க்கோ 112-க்கோ சொல் என்று மடைச் சுவரில் எழுதியும் வைத்துவிட்டீர்கள். ஜூலை 25, ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த நீரில் மூழ்குதல் தடுப்பு நாள். அன்றைக்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு ட்யூப் வீசச் சொல்லிக் கொடுக்க என்னையும் அண்ணனையும் கூப்பிட்டிருக்கிறீர்கள். காலையிலேயே வந்துவிடுகிறோம். கயிறு மட்டும் ரெண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள்.